புகை வராத கரி

பச்சைக் குழந்தை ஒன்று பத்து நாள் ஓயாமல் அழுகிறது. பதினோராம் நாள் சட்டென்று அழுகையை நிறுத்திக்கொள்கிறது. நீங்கள் பயப்படுவீர்களா, அப்பாடா என்று காலை நீட்டிப் படுப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

நெல்சன் படுத்தான். அவனைக் குறை சொல்வதற்கு முன் அவன் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயது இருபத்தொன்பது. ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிக் கப்பல் வந்தால் அதன் அடிக்கிடங்கில் இறங்கி, இயந்திரக் கை அள்ளாமல் விட்ட மூலைக் கரியைக் கூட்டி வாரும் ஒப்பந்தக் கூலி. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கிடங்கின் மேல்மூடியைத் திறந்து பல மணி நேரம் காற்றாடப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கவேண்டும். கரி சும்மா கிடந்தாலும் உள்ளே இருக்கும் காற்றைக் கெடுக்கும். போன வருடம் அவசரப்பட்டு ஏணியில் இறங்கிய மஜீது, பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலேயிருந்து கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கயிறு கட்டித் தூக்கியபோது முகம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. தெளிந்ததும் அவன் சொன்னது நெல்சனுக்கு நினைவிருக்கிறது: "மாமு, மொதல்ல காலுதான் போவுது. புத்தி அப்பறமாத்தான் போவுது. கால் போனது புத்திக்குத் தெரியவே மாட்டேங்குது."

மனைவி செங்கொடி, வியாசர்பாடி. அவள் வீடு பௌத்தம், அவன் வீடு மாதா கோயில். பதிவு அலுவலகத்தில் இவர்கள் கையெழுத்துப் போட்ட அன்றே இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியாயிற்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கத்துக்கு இங்கே இடமில்லாமல் போனது. அறுவை செய்து பெண் குழந்தை பிறந்தது. மகிழினி என்று பெயர் வைத்தார்கள். பார்த்துக்கொள்ள நெல்சனைத் தவிர ஆளில்லை.

மேஸ்திரியிடம் மூன்று வாரம் லீவு கேட்டான்.

"புள்ள பெத்தது நீயா, உம் பொண்டாட்டியா? உனுக்கு இன்னாத்துக்குடா லீவு?"

"ரெண்டு பேரும்தான் மேஸ்திரி பெத்தோம்."

"அப்ப பாலும் நீயே குடு, போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனியாரிடம் கூலிக்கு இருப்பவன் தகப்பனானால் அவனுக்கு ஒரு நாளாவது விடுப்புத் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. பிள்ளை வளர்ப்பது பெண்ணின் தலையெழுத்து என்று எழுதிவைத்தவர்களின் பேரன்கள்தானே சட்டமும் எழுதுகிறார்கள். நெல்சன் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தான்.

வீடு எர்ணாவூரில், அரசு வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, இரண்டு ஜன்னல். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. ஏன் பூட்டிக் கிடந்தது என்று குடிவந்தபோது அவர்கள் கேட்கவில்லை. விடிந்தால் மேற்கே இருக்கும் ஆலைகளிலிருந்து அழுகின முட்டை வாடை வரும். வெயில் ஏறினால் வடக்கேயிருந்து கரித்தூள் வரும். மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள், நெல்சன் குழந்தையின் மூக்கைத் துணித்திரியால் துடைத்தான். வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டியிருந்தது. தன் மூக்கிலிருந்து அது வருவது அவனுக்குப் பழக்கம். இது வேலைக்கே போகாத மூக்கு.

அன்றைக்கே பழுப்பு டேப் நாலு சுருள் வாங்கிவந்து இரண்டு ஜன்னலின் இடுக்குகளையும் ஒட்டினான். மேலே தார்ப்பாயை ஆணியடித்து மாட்டினான். கதவுக்குக் கீழே பழைய லுங்கியைத் திணித்தான்.

"இன்னாயா, ஊறுகா ஜாடிய மூடுற மாதிரி மூடுற?" என்றாள் செங்கொடி.

"தூசு உள்ள வரக்கூடாது. அவ்ளோதான். நீயும் பச்ச ஒடம்பு, காத்து படக்கூடாதுன்றாங்க."

பக்கத்து வீட்டுச் சிவந்தி மீன் விற்பவள். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் குளியல் போட்டவள். பதினொரு மணிக்கு வெந்நீர், எண்ணெய், பிறகு சாம்பிராணி என்று அவள்தான் காட்டிக்கொடுத்தாள். நெல்சன் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு நடுவே குழந்தையைப் போட்டு, அவள் சொன்னபடி தண்ணீர் ஊற்றினான். மாடிப்படியில் போன பெண்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஆம்பள குளிப்பாட்டி இப்பத்தான் பாக்குறேன். தம்பி, மீன் கழுவுற மாதிரி கழுவாத, புள்ளப்பா அது" என்றாள் சிவந்தி.

கொட்டாங்குச்சி நெருப்பில் சாம்பிராணி போட்டால் புகை மண்டியது. குழந்தை இருமியது. நெல்சனுக்கு அது பொறுக்கவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் திருமலையிடம் போனான்.

"அண்ணே, பொக வராத கரி எதுனா கீதா? பாப்பாவுக்கு."

"பொக வந்தா துணி இன்னாத்துக்கு ஆவும்? இந்த ஏரியா வக்கீல் சட்ட பூரா நம்ம கையிலதான் வெள்ளையா கீது. இத்த எட்த்துகினு போ. நல்லா சாம்பல் பூத்தப்பறம் உள்ள வை, நாலு மணி நேரம் தாங்கும்."

அது டிசம்பர் மாதம். சுவர் ஈரம், துணி காயவில்லை, குழந்தைக்குக் குளிர். நாலு மணி நேரம் தாங்கும் நெருப்பு ஒரு வரம் மாதிரி இருந்தது. மண்சட்டியில் கரியை நிரப்பி, சாம்பல் பூத்ததும் தூளிக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டான். கதவைச் சாத்தினான். கண் எரியவில்லை. யாரும் இருமவில்லை. குழந்தை ஒரு முறை கொட்டாவி விட்டு அடங்கியது.

அதுதான் நான் சொன்ன பதினோராம் நாள்.

மறுநாளும் அப்படியே. குளியல் முடிந்து தூளியில் போட்டால் பிற்பகல் வரைக்கும் ஒரு சிணுங்கல்கூட இல்லை. நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு செங்கொடி எழுப்பினாள். உதட்டில் பால் வைத்தால் வழிந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைத் தாண்டி எதையோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஆனால் நிறம்! கன்னமும் உதடும் அப்படி ஒரு சிவப்பு.

"இன்னா கலருடி உம் பொண்ணு, ரோசாப்பூ கணக்கா!" என்று சிவந்தி கன்னத்தில் மை இட்டாள்.

நாலைந்து நாள் கழித்து, உச்சிவேளையில், செங்கொடி தலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"அடுப்பாண்ட யாருய்யா நின்னது?"

"யாரும் இல்லியே."

"ஒரு பொம்பள. தல ஈரமா இருந்துச்சி. தூளியவே பாத்துகினு இருந்தா."

சொன்னவள் யார் தெரியுமா? பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்துவிடும் ஒரு தகப்பனின் மகள். அவளே சிரித்தாள். நெல்சனும் சிரித்தான். சிரித்த பிறகு இருவரும் அடுப்புப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் முறை. பதினொன்றரைக்குத் தூளி ஆட்ட உட்கார்ந்தான். பின்னால் யாரோ ஈரக் காலோடு நடந்து வந்து நின்றார்கள். திரும்பினால் வெறும் சுவர். "நெல்சா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. அது இறந்துபோன அவன் அம்மாவின் குரல், பக்கத்திலிருந்து, வெற்றிலை வாசத்தோடு. கண்ணை மூடவேயில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். ஆனால் கடிகாரத்தில் மணி ஒன்றேகால். கை மட்டும் தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டேயிருந்தது. எதிரே செங்கொடி விழித்த கண்ணோடு படுத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு வாங்க அவன் கதவைத் திறந்து போய்வந்தால் எல்லாம் தெளிந்துவிடும். தலைவலி மட்டும் மிச்சம் இருக்கும். குழந்தை மாலையில் லேசாக அழும். மறுநாள் பதினொன்றுக்கு மறுபடியும் அந்த அமைதி வந்து உட்காரும்.

எடை பார்க்க நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். பிறந்தபோது இருந்ததைவிட முந்நூறு கிராம் குறைவு. தராசுத் தட்டில் போட்டதும் மகிழினி வீறிட்டாள். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செங்கொடி மடியில் போட்டதும் மூச்சு விடாமல் உறிஞ்சினாள்.

"நல்லாத்தானே குடிக்குது? வீட்ல ஏம்மா கொடுக்கிறதில்ல?" என்றார் செவிலியர்.

செங்கொடி அங்கேயே அழுதாள். திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவில், "வூட்லதான் இன்னாவோ கீது" என்றாள்.

அவள் கண்டுபிடிப்பு நூற்றுக்கு நூறு சரி. வெளியே குடிக்கும் குழந்தை வீட்டில் குடிக்கவில்லை என்றால் கோளாறு வீட்டில்தான். எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படித்தான் தொடங்குவார்கள். அடுத்த கேள்வி, வீட்டில் புதிதாக என்ன வந்தது என்பது. அதைக் கேட்பதற்குள் சிவந்தி பதிலோடு வந்துவிட்டாள்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். உங்களுக்கு முன்ன அந்த வூட்ல ஒருத்தி இருந்தா. கைப்புள்ளயோட செத்தவ. பால் கட்டினு செத்தா, அந்தத் தாகம் அடங்குமா? உச்சில வர்றா. அவ பால் குடுத்துட்டுப் போறா. வயிறு ரொம்பின புள்ள உங்கிட்ட ஏன் குடிக்கும்?"

செங்கொடியின் கை தன்னையறியாமல் மாரை மூடியது.

"இப்ப இன்னா பண்றது?" என்றான் நெல்சன்.

"சாம்பிராணி ஒரு வேள பத்தாது, மூணு வேள போடு. ரெண்டு சட்டி வை. பொக மூலமுடுக்கு பூரா போவணும். கதவத் தொறந்து வுட்டுடாத, போனவ திரும்ப வந்துருவா."

சிவந்தி கெட்டவள் அல்ல. அன்று இரவுச் சோறும் அவள்தான் கொடுத்தாள். ஆனால் மூடநம்பிக்கைக்குக் கெட்டவர்கள் தேவையே இல்லை. அன்பானவர்கள் போதும். நோயாளி மயங்கினால் இன்னும் கொஞ்சம் விஷம் கொடு, அப்போதும் எழவில்லையென்றால் இரண்டு மடங்கு கொடு என்று ஒரு வைத்தியன் சொன்னால் அவனை அடிப்போம். அதையே பேயின் பெயரால் சொன்னால் தட்சிணை வைத்துக் கும்பிடுகிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்கு எல்லோரும் போய்விட்டதால் கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. தூளிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டி, அந்தப் பக்கம் ஒரு சட்டி. கரி சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தது. நெல்சன் கதவுக்கு அடியில் லுங்கியை இறுக்கித் திணித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். தார்ப்பாயின் நீல வெளிச்சத்தில் அறை தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது.

"வந்துட்டா" என்றாள் செங்கொடி. குரலில் பயம் இல்லை. விருந்தாளி வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவனும் பார்த்தான். ஈரத் தலையோடு ஒருத்தி சமையல் மூலையிலிருந்து வந்து தூளிக்கு மேல் குனிந்தாள். முடியிலிருந்து சொட்டிய நீர் சட்டியில் விழும் சத்தம்கூடக் கேட்டது. தூளி தானாக ஆடியது. புடவைத் துணியின் இடைவெளியில் மகிழினியின் முகம் தெரிந்தது. செக்கச் சிவந்த உதடு, மூடிய கண். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். தெரியவில்லை.

எழவேண்டும் என்று நினைத்தான். எழுந்துவிட்டதாகவும் நினைத்தான். குனிந்து பார்த்தால் இரண்டு காலும் பாயிலேயே நீட்டிக் கிடந்தன, யாருடைய காலோ போல.

மொதல்ல காலுதான் போவுது.

மஜீதின் சிவந்த முகமும் அந்தச் சிரிப்பும் அப்போதுதான் அவன் கண்ணுக்கு முன் வந்தன. தூளியில் இருக்கும் சிவப்பும் அதே சிவப்பு. தான் கப்பல் கிடங்குக்குள் உட்கார்ந்திருக்கிறோம், மேல்மூடியைத் தன் கையாலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கியது.

கதவு நாலு முழத் தூரம். அந்த நாலு முழத்தையும் நெஞ்சால் ஊர்ந்து கடந்தான். லுங்கியைப் பிடுங்கினான். தாழ்ப்பாள் எட்டவில்லை. மூன்றாவது முறை எட்டியது. கதவு திறந்ததும் வெளிக்காற்று முகத்தில் அடித்தது. அதே முட்டை வாடை, அதே கரித்தூள். அதை வாய் நிறைய விழுங்கிவிட்டு உள்ளே திரும்பித் தூளித் துணியைப் பிடித்து இழுத்தான். கொக்கி பெயர்ந்து குழந்தை அவன் மார்பில் விழுந்தது. நடைபாதைத் தரையில் கிடத்திவிட்டுச் செங்கொடியின் கணுக்காலைப் பிடித்து இழுத்துவந்தான்.

"எங்க இஸ்துகினு போற? அவ தனியா கீறா" என்று முனகினாள் செங்கொடி.

குழந்தை துணி பொம்மை போலக் கிடந்தது. முதுகைத் தேய்த்தான். வாயில் ஊதினான். கூப்பிட்டான். ஒரு ரயில் முழுதும் கடந்து போகும் நேரம் ஆயிற்று. பிறகு மகிழினி ஒரு விக்கல் விக்கினாள். அடுத்து, ஏதோ கிழிவது போல ஒரு சின்ன அழுகை.

மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "அறைக்குள்ள கரி எரிச்சீங்களா?"

ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். நீறு பூத்த கரி மூடிய அறையில் எரியும்போது வெளிவருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தம் பிராணவாயுவை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த ரோஜாச் சிவப்பு. மூளை பிராணவாயு இல்லாமல் தடுமாறும்போது காலடி கேட்கும், குரல் கேட்கும், ஆள் தெரியும். பேய் வீடு என்று பெயரெடுத்த வீட்டில் பழுதான கணப்பு அடுப்பு இருந்ததை மேல்நாட்டு மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் புரட்டவில்லை.

"ஜன்னலைத் திறந்து வைக்கக்கூடாதா? படிச்சவங்கதானே?" என்று கோபப்பட்டார் மருத்துவர்.

"தொறந்தா இன்னா வரும்னு வந்து பாருங்க சார்" என்றான் நெல்சன்.

நாலு நாள் கழித்து வீடு திரும்பியபோது சிவந்தி படியில் நின்று திருஷ்டி சுற்றினாள். "பாத்தியா, கதவத் தொறந்தே, ஓடிட்டா பாரு."

நெல்சன் கேட்டான்: "யக்கா, அந்தம்மா எப்டி செத்துச்சி?"

"தூக்கத்துலதாம்ப்பா. இதே மார்கழிக் குளிரு. தலைக்கு ஊத்திட்டு, முடி காயலேன்னு சட்டியாண்ட படுத்தா. ரெண்டு பேரும் எந்திரிக்கவேயில்ல. பொணம் மாதிரியே இல்ல, செவசெவன்னு..." அவள் வாய் அங்கேயே நின்றது. சுற்றிய மிளகாயும் உப்பும் கையிலேயே இருந்தன.

"ஜன்னலு?" என்றான் நெல்சன்.

"தூசின்னு அவளும் மூடித்தான்..."



தாயும் பிள்ளையும் ஒரே அறையில் செத்தார்கள். பிணத்தை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. ஏனென்று ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. ஏழை வீட்டுச் சாவுக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, மிச்சத்தைப் பேய்க் கதைக்கு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் சிவந்திக்குத் தெரிந்திருக்கும். சிவந்திக்குத் தெரிந்திருந்தால் நெல்சனுக்குத் தெரிந்திருக்கும்.

மகிழினிக்கு இப்போது ஐந்து மாதம். கழுத்து நின்றுவிட்டது. சத்தம் கேட்ட பக்கம் திரும்புகிறாள், கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறாளோ என்று நெல்சனுக்கு ஒரு சந்தேகம். வளர வளரத்தான் தெரியும் என்கிறார் மருத்துவர். நெல்சன் வேலையிலிருந்து வந்ததும் அவளுடைய ஒரு காதுக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்கிப் பார்க்கிறான். பிறகு மறு காதுக்கு. டேப்பையும் தார்ப்பாயையும் பிய்த்தெறிந்தாயிற்று. கரித்தூள் வருகிறது. மூக்கைத் துடைத்தால் துணி கறுக்கிறது. மூடினால் உள்ளே சாவு, திறந்தால் வெளியே நோய் என்று ஒரு தகப்பனை நிறுத்திவைத்திருக்கும் ஊரில் பேய் எதற்கு?

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீடு இருந்தால் இன்றைக்குப் போங்கள். சாத்திய அறைக்குள் கரிச்சட்டி இருந்தால் நீங்களே தூக்கி வெளியே வையுங்கள்; திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, அந்த வீட்டு ஜன்னலை ஏன் மூடினார்கள் என்று கேட்டு, தெருப் பெயர், தேதி, வாடை வந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை வாரம் தவறாமல் அனுப்புங்கள்.